செய்து பார்க்கும் உரிமை: இளையோருக்கான தொழில்நுட்பப் பட்டறைகளும் பொதுக்கல்வியும்

இளையோருக்கான தொழில்நுட்பப் பட்டறை என்பது, பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள் ஒரு கருவியையோ மின்சுற்றையோ கணினி நிரலையோ தாமே திட்டமிட்டு, தம் கையாலேயே உருவாக்கி, அது இயங்காதபோது ஏன் இயங்கவில்லை என்று ஆராய்ந்து, திருத்தி, மீண்டும் இயக்கிப் பார்க்கும் இடமாகும். பள்ளி ஆய்வகத்திலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. ஆய்வகத்தில் தனிஊசலை ஆட்டிவிட்டு அலைவு நேரத்தைக் குறிக்கும் மாணவருக்கு வரவேண்டிய விடை முன்கூட்டியே தெரியும். தாம் எடுத்த அளவு அதனோடு பொருந்தாவிட்டால், அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக ரெக்கார்டு நோட்டில் எண்ணை மாற்றி எழுதிவிடும் பழக்கமே பெரும்பாலும் வளர்கிறது. பட்டறையில் அப்படி மாற்றி எழுத வழியில்லை. விளக்கு எரியும் அல்லது எரியாது, சக்கரம் சுழலும் அல்லது சுழலாது என்ற நிலையில், செய்யப்பட்ட பொருளே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

இத்தகைய பட்டறை, வசதியுள்ள பள்ளிகள் தங்கள் விளம்பரப் பலகையில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சிறப்பாக இல்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பொதுக்கல்வியின் பகுதியாக அமைய வேண்டும் என்பதும், அவ்வாறு அமைவதற்கு விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் நேரமும், பிழை செய்யும் உரிமையும், பிறப்பைக் கேட்காத கதவும் இன்றியமையாதவை என்பதும் இவ்வுரை நிறுவ விழையும் கருத்துகள்.

கருத்தின் வரலாறு

கையால் செய்வதன்வழி அறிவு விளைகிறது என்னும் கருத்து கணினியோடு பிறந்ததன்று. 1896இல் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுப் பள்ளியில் சமையலும் நெசவும் தச்சும் பாடத்திட்டத்தின் நடுவில் வைக்கப்பட்டன. அங்கே பருத்தியையும் ஆட்டு ரோமத்தையும் கையில் எடுத்து நூலாக்க முயன்ற பிள்ளைகள், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்பதை விரல்களால் அறிந்துகொண்ட பின், கம்பளித் தொழில் முந்தியும் பருத்தித் தொழில் பிந்தியும் வளர்ந்ததன் காரணத்தைத் தாமே கண்டறிந்ததை டூயி தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். ஒரு பொருளைக் கையாண்டதிலிருந்து பொருளாதார வரலாற்றின் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது என்பதே இதில் கருதத்தக்கது.

இந்தக் கருத்தைக் கணினி யுகத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் தலைமையானவர் சீமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தக் கணித அறிஞர், ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயோடு சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், சேர்ந்தார். 1967இல் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் இணைந்து பிள்ளைகளுக்கென்றே அவர் உருவாக்கிய ‘லோகோ’ என்னும் கணினி மொழியில், தரையிலோ திரையிலோ நகரும் ஓர் ஆமைக்கு ‘முன்னே போ’, ‘வலப்புறம் திரும்பு’ என்பன போன்ற கட்டளைகள் இடப்பட, அது சென்ற வழியெல்லாம் கோடு வரையப்படும்.

இதன் கல்விப் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சமபக்க முக்கோணம் வரைய விரும்பும் பிள்ளை, அதன் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று வகுப்பில் படித்ததை நினைத்து, ‘100 அடி முன்னே போ, 60 பாகை திரும்பு’ என்று மூன்று முறை கட்டளையிடுகிறது. ஆனால் கோடுகள் ஒன்றுசேரவில்லை, அறுகோணத்தின் பாதிதான் திரையில் தெரிகிறது. உடனே பிள்ளை எழுந்து, தானே ஆமையாகத் தரையில் நடந்து பார்க்கிறது. மூலையில் உடல் திரும்பவேண்டிய அளவு முக்கோணத்தின் உட்கோணம் அல்ல, அதன் வெளிக்கோணமான 120 பாகை என்பது அப்போது புலனாகிறது. தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாத எந்த மூடிய வடிவத்தைச் சுற்றி வந்தாலும் புறப்பட்ட திசைக்கே திரும்பும்போது மொத்தத் திருப்பம் 360 பாகை என்னும் வடிவியல் உண்மை, மனப்பாடம் செய்யப்பட்ட வாய்பாடாக இல்லாமல், பிழையொன்றைத் திருத்தியதன் விளைவாகக் கைவசமாகிறது.

பேப்பர்ட்டின் சிந்தனைக்கு உரமாக அமைந்த ஒரு காட்சியும் குறிப்பிடத்தக்கது. 1960களின் இறுதியில் லெக்சிங்டன் நகரப் பள்ளியொன்றில் பணியாற்றியபோது, கணித வகுப்புக்குச் செல்லும் வழியில் இருந்த ஓவிய அறையில் மாணவர்கள் சோப்புக் கட்டிகளைச் செதுக்கிச் சிற்பம் செய்துகொண்டிருப்பதை அவர் கவனித்தார். ஒரே வேலை பல வாரங்கள் நீடித்தது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த உருவத்தைச் செதுக்கினர். யோசிக்கவும், பிறர் செய்வதைப் பார்க்கவும், ஒன்று கைகூடாதபோது வேறொன்றை முயலவும் அவர்களுக்கு அவகாசம் இருந்தது. கணக்கு வகுப்பிலோ அன்றன்றைக்குத் தரப்பட்ட கணக்கு அன்றன்றே முடிந்து, அடுத்தது தொடங்கிற்று. கணிதமும் அந்தச் சிற்ப வகுப்பைப் போல இருக்க முடியாதா என்ற கேள்வியே, பிறரோடு பகிர்ந்துகொள்ளத்தக்க ஒரு பொருளைக் கட்டியெழுப்பும்போதுதான் மனத்துக்குள்ளும் அறிவு நன்கு கட்டியெழுப்பப்படுகிறது என்னும் அவருடைய கொள்கைக்கு வழிவகுத்தது.

அக்கொள்கை பள்ளிக்கு வெளியே ஓர் இடமாக உருப்பெற்றது 1993இல். பாஸ்டன் நகரின் கணினி அருங்காட்சியகத்தில் விடுமுறைக் காலத்தில் நடந்த பட்டறையொன்றில் பங்கேற்ற சிறுவர்கள், அது முடிந்த பிறகும் திரும்பத் திரும்ப வந்து கருவிகளைக் கேட்டபோது, அவர்கள் நிலையாக வந்து வேலை செய்வதற்கு நகரில் இடமே இல்லை என்பது அமைப்பாளர்களுக்குத் தெரிந்தது. அதன் விளைவாக, எம்.ஐ.டி.யின் மிட்செல் ரெஸ்னிக், அருங்காட்சியகத்தின் நட்டாலி ரஸ்க் முதலியோர் முயற்சியில், குறைந்த வருவாயுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் ‘கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்’ தொடங்கப்பட்டது. இளையோருக்கான எந்தக் கருவிக்கும் ‘தாழ்ந்த தரையும் உயர்ந்த கூரையும்’ வேண்டும், அதாவது தொடக்கநிலையினர் எளிதில் நுழையவும் தேர்ந்தவர்கள் மேன்மேலும் உயரவும் இடம் இருக்க வேண்டும் என்று பேப்பர்ட் கூறியிருந்தார். ரெஸ்னிக் அதனோடு ‘அகன்ற சுவர்கள்’ என்ற மூன்றாவது இலக்கணத்தைச் சேர்த்தார். இசையில் ஈடுபாடுள்ளவரும், பொம்மலாட்டத்தை விரும்புபவரும், பந்தய வண்டி செய்ய ஆசைப்படுபவரும் ஒரே கருவியைக்கொண்டு தத்தம் வழியில் செல்ல முடிய வேண்டும் என்பது இதன் பொருள். எல்லாரும் ஒரே நாளில் ஒரே ரோபோவைச் செய்து முடிக்கும் பட்டறைக்கு இந்த மூன்றாவது இலக்கணம் பொருந்தாது.

இந்திய முயற்சிகள்

இவ்வரலாற்றில் இந்தியாவுக்குச் சொந்தமான, பெருமைக்குரிய ஒரு பகுதி உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாவட்டம் முழுவதற்கும் பரவிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்து, பார்த்ததைத் தாமே எழுதி, முடிவுக்கு வருவதையே பாடமாக்கியது. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் அது நடைமுறைப்படுத்தியது. 2002இல் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டபோதும், அது விளைவித்த கருத்துகள் நாடெங்கும் பரவியிருந்தன.

அந்தத் திட்டத்தோடு 1978இல் தொடர்பு கொண்டவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் பணியாற்றிய இந்தப் பொறியாளர், விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே வந்தபோது, வாரச் சந்தையில் கிடைக்கும் பொருள்களிலிருந்தே ஒரு பொறியியல் பெட்டகத்தை உருவாக்கினார். அதற்கு வேண்டியவை தீக்குச்சியும், சைக்கிள் சக்கரத்தின் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயுமே. குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு தீக்குச்சியைச் செருகினால் வளையக்கூடிய மூட்டு ஒன்று கிடைக்கிறது. நான்கு குச்சிகளால் சதுரம் செய்து ஒரு மூலையை விரலால் தள்ளினால், பக்கங்களின் நீளம் சற்றும் மாறாமலே அது சாய்ந்து சாய்சதுரமாகிவிடுகிறது. மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளினால் அது அசைவதில்லை. சதுரத்தின் குறுக்கே மூலைவிட்டத்துக்கு ஏற்ற நீளமுள்ள ஒரு குச்சியைச் சேர்த்தவுடன் சதுரமும் இரண்டு முக்கோணங்களாகி உறுதி பெறுகிறது. ரயில்வே பாலத்தின் இரும்புச் சட்டங்களும், மின்கோபுரத்தின் குறுக்குக் கம்பிகளும், கூரையைத் தாங்கும் சட்டகங்களும் ஏன் முக்கோணங்களால் ஆனவை என்ற பொறியியலின் அடிப்படைக் கேள்விக்கு, சில காசுகள் பெறுமானமுள்ள பொருள்களைக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் விரல் நுனியில் விடை கிடைத்துவிடுகிறது. பணம் இல்லாததால் பட்டறை நடத்த முடியவில்லை என்ற கூற்றுக்கு இந்தத் தீக்குச்சிச் சட்டகம் போதுமான மறுமொழி.

மற்றொரு முயற்சி மகாராட்டிரத்தில் புனே மாவட்டத்தின் மழை குறைந்த பகுதியிலுள்ள பாபல் கிராமத்தில் நிகழ்ந்தது. பெரிய நிறுவனமொன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றிய எஸ்.எஸ். கல்பாக் 1983இல் அங்கே தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தில், பள்ளியைத் தொடர முடியாமற்போன இளைஞர்கள் வெல்டிங், கட்டடவேலை, மின்வேலை, வேளாண்மை, உணவு பதப்படுத்துதல் ஆகிய பல தொழில்களையும் சேர்த்துக் கற்றனர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் இத்தகைய வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரு தொழிலில் மட்டும் தேர்ச்சி தராமல் பல தொழில்களைத் தொட்டுப் பார்க்கச் செய்ததும், செய்த வேலையை ஊருக்குப் பயன்படும் பணியாக மாற்றியதும் இந்த முறையின் சிறப்புகள். எம்.ஐ.டி.யில் 1998இல் ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்னும் பாடத்தைத் தொடங்கிய நீல் கெர்ஷன்ஃபெல்ட், லேசர் வெட்டுக் கருவி போன்ற கணினியால் இயங்கும் கருவிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ‘ஃபேப் லேப்’ என்னும் பொதுப் பட்டறையை அமெரிக்காவுக்கு வெளியே 2002 அளவில் முதலில் நிறுவிய இடங்களுள் ஒன்றாகப் பாபல் அமைந்தது தற்செயலன்று; பாலின் தரத்தை அளப்பது, டீசல் என்ஜினைச் செம்மையாக ஓடச்செய்வது போன்ற விடை வேண்டிய கேள்விகள் அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தன. கேள்வி உள்ள இடத்தில்தான் கருவிக்கு வேலை உண்டு.

பிழை காணும் கலை

பட்டறைக் கல்வியின் உயிர்நாடி பொருளைச் செய்து முடிப்பதில் இல்லை, செய்த பொருள் இயங்காத வேளையில் இருக்கிறது. மிக எளிய மின்சுற்று ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சால்டரிங் இல்லாமலே கம்பிகளைச் செருகி இணைக்க உதவும், துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பலகையான பிரெட்போர்டில், 5 வோல்ட் மின்சாரத்தால் ஒரு சிவப்பு எல்.ஈ.டி. விளக்கை எரியவைக்க வேண்டும். அந்த விளக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 3 வோல்ட்டைத் தாங்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கு 220 ஓம் மின்தடை ஒன்று இணைக்கப்படுகிறது. ஓமின் விதிப்படி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர் கிடைக்கிறது, விளக்குக்கு அது தீங்கற்ற அளவு. எல்லாவற்றையும் இணைத்த பிறகும் விளக்கு எரியவில்லை.

இங்கே மாணவர் முன் பல ஐயங்கள் எழுகின்றன. எல்.ஈ.டி.யின் நீண்ட கால் நேர்முனையோடு இணைய வேண்டியிருக்க, அது தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம், பிரெட்போர்டில் ஒரே வரிசையைச் சேர்ந்த துளைகளே உள்ளே இணைந்திருப்பதால், கம்பி பக்கத்து வரிசையில் செருகப்பட்டிருக்கலாம், 220 ஓமுக்குப் பதிலாக 22,000 ஓம் மின்தடை மாட்டப்பட்டு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கியிருக்கலாம், மின்கலமே தீர்ந்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் விளக்கு ஒருவேளை எரியும், ஆனால் பிழை எது என்பது தெரியாமற்போகும்; ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மல்டிமீட்டரை ஒவ்வோர் இணைப்பிலும் வைத்து, மின்சாரம் எதுவரை வந்திருக்கிறது என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். ஊகத்தை முன்வைத்து, அதைச் சோதித்து, பொருந்தாததை விலக்கி, அடுத்ததற்குச் செல்லும் இந்த ஒழுங்கே அறிவியல் முறை; மருத்துவர் நோயைக் கண்டறிவதும் ஓடாத மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் குறையைத் தேடுவதும் இதே ஒழுங்கினால்தான்.

இந்த நேரத்தில் பயிற்றுநர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துப் பட்டறையின் தரம் அமைகிறது. மாணவரின் கையிலிருந்து திருப்புளியை வாங்கித் தாமே இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பவர், விளக்கை எரியவைக்கிறார், கற்றலை அணைத்துவிடுகிறார். ‘மின்சாரம் இதுவரைக்கும் வந்திருக்கிறதா?’ என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பவரே ஆசிரியர். அந்தக் காத்திருப்புக்கு வேண்டிய நேரம் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் கிடைப்பதில்லை என்பதால், பட்டறைக்குத் தொடர்ச்சியான நீண்ட பொழுதுகள் தேவைப்படுகின்றன. காலையில் பெட்டியைத் திறந்து, படத்தைப் பார்த்துப் பாகங்களைப் பொருத்தி, மாலையில் சான்றிதழோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஒருநாள் பயிற்சி ஆர்வத்தைத் தூண்டலாம். ஆனால் அங்கே பிழைக்கு இடமில்லாததால், அது கல்வியின் தொடக்கமாக மட்டுமே இருக்க முடியும்.

தமிழ்நாடும் கைவேலையும்

தமிழ்நாட்டில் கைவேலையையும் கல்வியையும் இணைத்துப் பேசுவோர் 1953ஆம் ஆண்டை மறந்துவிட்டுப் பேச முடியாது. அன்றைய முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப் பள்ளிகளில் பாட நேரம் குறைக்கப்பட்டு, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து குடும்பத் தொழிலைக் கற்க வேண்டியிருந்தது. குடும்பத் தொழில் என்பது சாதியால் வகுக்கப்பட்டிருந்த சமூகத்தில், நாவிதர் மகன் நாவிதராகவும் வண்ணார் மகன் வண்ணாராகவும் நீடிப்பதற்கே அது வழிவகுக்கும் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் பிறரும் எதிர்த்தனர். குலக்கல்வித் திட்டம் என்றே அது பெயர் பெற்றது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு கைவேலையின்மீது கொண்ட வெறுப்பால் எழவில்லை, எந்தக் கை எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பு தீர்மானிப்பதற்கு எதிராகவே எழுந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளில், ஏட்டுப் படிப்பு ஒன்றே விடுதலைக்கு வழி என்ற நம்பிக்கை வலுத்து, கருவியைத் தொடும் வேலை படிக்காதவர்களுக்கு உரியது என்னும் பழைய மனப்பான்மை வேறு வடிவில் நிலைத்துவிட்டது. பொறியியல் பட்டம் பெற்றும் ஒரு பம்புசெட்டைப் பிரித்துப் பார்த்திராதவர்களும், எந்த மோட்டாரையும் பழுதுநீக்கத் தெரிந்தும் அதன் கோட்பாட்டைப் படிக்க வாய்ப்புப் பெறாதவர்களும் ஒரே ஊரில் வாழ்வது இந்தப் பிரிவினையின் விளைவு.

பொதுப் பட்டறை இந்தப் பிரிவினைக்கு மாற்றாக அமைய முடியும். அங்கே தச்சரின் மகள் நிரல் எழுதலாம், வழக்கறிஞரின் மகன் மரம் இழைக்கலாம்; யார் எதைச் செய்வது என்பதை ஆர்வம் மட்டுமே தீர்மானிக்கும். ஆண் பிள்ளைகள் கருவியைப் பிடிக்க, பெண் பிள்ளைகள் குறிப்பு எழுதவும் அட்டையை அலங்கரிக்கவும் ஒதுக்கப்படும் வழக்கத்தையும் இதே அளவுகோலால் அளந்து விலக்க வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் முறைவைத்துக் கருவியைக் கையாள்வது விதியாகவே எழுதப்பட வேண்டும்.

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டு, மோட்டார் சைக்கிளைப் பிரித்துச் சேர்த்து இயந்திர அறிவு பெற்று, பேருந்து நிறுவனமும் பல கண்டுபிடிப்புகளும் கண்டவர் என்பது தமிழர் அனைவரும் அறிந்த செய்தி. மேதைக்குப் பள்ளி வேண்டியதில்லை என்பதற்கு அவரை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவர் வாழ்க்கை உணர்த்துவது வேறு: பிரித்துப் பார்க்க ஒரு பொறியும், அதற்குரிய கருவிகளும், தடுப்பாரற்ற நேரமும் கிடைத்தால் ஓர் இளைஞர் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதே அது. அரிதாக ஒருவருக்கு வாய்த்த அந்த நிலையை எல்லாருக்கும் வழக்கமானதாக ஆக்குவது பொதுக்கல்வியின் கடமை.

இன்றைய நிலையும் செய்யவேண்டியனவும்

2016இல் நிதி ஆயோக்கின் கீழ் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்கத் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக 10,000 பள்ளிகளில் பட்டறைக்கூடங்களை நிறுவியுள்ளது. ஒரு பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை நிதி தரப்பட்டு, முப்பரிமாண அச்சு இயந்திரம், உணரிகள், மின்னணுப் பாகங்கள் முதலியவை வாங்கப்படுகின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கையில், ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் அறிவியல், கணிதச் சோதனைகளை நேரில் கொண்டுசெல்கிறது. இவை வரவேற்கத்தக்க முயற்சிகள். ஆயினும் ஒரு கூடத்தின் வெற்றியை அதில் வாங்கிவைக்கப்பட்ட பொருள்களின் பட்டியலால் அளக்கக் கூடாது. அந்தப் பொருள்களில் எத்தனை தேய்ந்திருக்கின்றன, எத்தனை முறை பழுதாகிப் பழுதுநீக்கப்பட்டிருக்கின்றன, மாணவர்கள் எத்தனை முறை தாமாக வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்பவற்றால் அளக்க வேண்டும். உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்ட கருவி, வாங்கப்படாத கருவிக்குச் சமம்.

செய்யவேண்டியவை தெளிவானவை. பள்ளிகள் வாரத்தில் ஒரு முழுப் பிற்பகலையேனும் பட்டறைக்கு ஒதுக்கித் தேர்வுக் காலத்திலும் அதைப் பறிக்காமல் காக்க வேண்டும். ஊரிலுள்ள காயில் கட்டுபவர், கொத்தனார், தச்சர், தையற்காரர், கைப்பேசி பழுதுநீக்குபவர் ஆகியோரை மதிப்பூதியத்தோடு பயிற்றுநர்களாக அழைத்து, பாட ஆசிரியரோடு இணைத்து அமர்த்த வேண்டும். அவர்களுடைய அனுபவமும் ஆசிரியரின் கோட்பாடும் ஒரே மேசையில் சந்திக்கும்போது இரண்டுமே வளம் பெறும். தொடங்குவதற்குத் தீக்குச்சியும் வால்வுக் குழாயும் பழைய வானொலிப் பெட்டியும் போதும் என்பதை உணர்ந்து, நிதி வரும்வரை காத்திராமல் தொடங்க வேண்டும். கண்காட்சியில் பரிசு வழங்கும்போது, பளபளப்பான மாதிரியைக் காட்டிலும், எங்கெங்கே தவறியது, எப்படித் திருத்தப்பட்டது என்று எழுதிவைக்கப்பட்ட குறிப்பேட்டுக்கு முதலிடம் தர வேண்டும். பெற்றோர், வீட்டில் பழுதான மின்விசிறியைக் கடைக்கு அனுப்புமுன், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தம் பிள்ளைகளுக்கு, மகன் என்றும் மகள் என்றும் பாராமல், அதைத் திறந்து காட்ட வேண்டும்.

வாங்கிப் பயன்படுத்தத் தெரிந்த சமூகம் பிறர் செய்து தருவதற்காகக் காத்திருக்கும். செய்யவும் பழுதுநீக்கவும் தெரிந்த சமூகமே தன் தேவையைத் தானே தீர்மானிக்கும். அந்த ஆற்றலைச் சிலருக்கு மட்டும் தந்துவிட்டு மற்றவர்களுக்கு மறுப்பது கல்வியின் பெயரால் இழைக்கப்படும் அநீதி. ஆகவே, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் திறந்திருக்கும் ஒரு பட்டறையை உருவாக்கும் பொறுப்பை ஆசிரியர்களும் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் உள்ளாட்சி உறுப்பினர்களும் இந்தக் கல்வியாண்டிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.